ஊதா என்று எழுதாத நாட்கள்

போன மாதம், நான் விட்டு வந்த வேலையில் இப்போது இருக்கும் பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் பழைய பதிவேடுகளைக் கட்டிப் பரணில் போடுகிறார்களாம். அதில் ஒன்றைப் புரட்டியபோது, அடுத்தடுத்து வரும் மூன்று வெள்ளிக்கிழமைகளில் ‘நிறமில்லை’ என்று எழுதி, அதை அடித்து, ‘ஊதா’ என்று திருத்தி, பக்கத்தில் என் முழுப் பெயரும் இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

“நீங்க அடிச்சுத் திருத்தி நான் பாத்ததே இல்லைங்க மேடம். அது என்னன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்” என்றாள்.

அன்று சொல்ல முடியவில்லை. என் மகள் அமலி கூடத்து ஜன்னல் கம்பியை ஒரு கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தாள். புது ஆள் வந்தால் அப்படித்தான் செய்வாள். “இன்னொரு நாள் வாம்மா, சொல்றேன்” என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொல்வதைவிட எழுதிவிடுவது எனக்குச் சுலபம். இருபது வருஷம் எழுதியே பழக்கம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரையில் ஒரு வருஷம் லேப் பயிற்சி. இரத்தம் எடுக்க, சிறுநீர் பார்க்க, மைக்ராஸ்கோப்பில் கண் நோக உட்கார அங்கே கற்றுக்கொண்டேன். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். ஐம்பதுகளின் தொடக்கத்துக்குச் சற்று முன்பு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். லேப் என்பது பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு நீள அறை. தண்ணீர்க் குழாய் ஒன்று, ஸ்பிரிட் விளக்கு மூன்று, பனிக்கட்டி வைக்கும் மரப்பெட்டி ஒன்று.

லேபுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் வரதன். ஸ்ரீரங்கத்தில் இருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். நெற்றியில் மெல்லிய ஒற்றைச் சிவப்புக் கோடு, மேலே வெள்ளைக் கோட்டு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் மனசு சரியாக இருக்காது. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, “பாசிட்டிவ் சார்” என்றேன்.

“நிறம் என்ன?”

“பாசிட்டிவ்தான் சார்.”

“அப்படி ஒரு நிறம் கிடையாதும்மா. பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா? அதைச் சொல்லுங்க. அது என்ன அர்த்தம்னு சொல்ல எனக்குச் சம்பளம் குடுக்கறா.”

பதிவேட்டில் அவர் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தார். முதல் பத்தி ‘கண்டது’. இரண்டாவது ‘கருத்து’. இரண்டாவதில் எங்கள் பேனா படக் கூடாது. இன்னொரு கட்டளையும் உண்டு. எந்தச் சோதனை செய்தாலும் நோயாளிகளின் குழாய்களோடு, நோயில்லாத ஒருவரின் குழாய் ஒன்றும் வரிசையில் நிற்க வேண்டும். அது நிறம் மாறினால் மருந்து கெட்டுவிட்டது, அல்லது நம் கை சுத்தமில்லை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது என்னுடைய சிறுநீராகவே இருக்கும். லேபில் அதற்கு ‘லூர்தம்மா குழாய்’ என்றே பெயர்.

முதல் சில வருஷங்களில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பின்னால் நான் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். மருங்காபுரிப் பக்கத்தில் இருந்து ஒரு புஞ்சைக்காட்டு விவசாயி தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயது, பார்த்தால் இரண்டு வயது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தோல் மரப்பட்டை போல இருந்தது. குரல் வயசான ஆண் குரல். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வளரவே இல்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அந்தப் பெண்ணுக்கு வேலை செய்யவில்லை, அது சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாததால் உடம்பும் மூளையும் நின்றுபோய்விட்டன என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். தைராய்டு மாத்திரை கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர் லேப் வாசலுக்கே ஓடி வந்தார்.

“சிஸ்டர், கழுத என்னைய அப்பான்னு கூப்புட்டுச்சுங்க! நேத்து சாயங்காலம். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன், பின்னாலேருந்து கூப்புடுது!”

அந்தப் பெண் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் சுவரைப் பிடித்து நடந்தாள், அப்பாவைக் கூப்பிட்டாள். ஒரு சின்ன மாத்திரை. அதை நான் மறக்கவே இல்லை.

அமலி பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அழகான குழந்தை. ஒன்றரை வயதில் நாலைந்து வார்த்தை பேசினாள். இரண்டு வயதுக்குள் அவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்றால், பக்கத்து வீட்டில் சுண்டல் பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்குத் திரும்புவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அலமாரிக் கதவின் மேல் வைப்பாள். அவளுக்கு வேண்டியது என் கைதான், நான் இல்லை என்பது போல இருக்கும்.

லேபில் இருந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அவளுடைய எல்லாவற்றையும் சோதித்தேன். தைராய்டு குறைவா என்று இரத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் பச்சையாக மாறும் ஒரு வியாதி உண்டு. அதையும் பார்த்தேன். பச்சை வரவில்லை. ஒவ்வொரு முறை ‘இல்லை’ என்று வரும்போதும் ஒரு கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. வியாதி இல்லை என்று சந்தோஷப்படும் தாய்மார்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். நான் வியாதி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது மாதம் ஒரு முறை சென்னையில் இருந்து மனநோய் டாக்டர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அமலியைக் காட்டினேன். அவளைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“ஆமாங்க. இந்த ஆஸ்பத்திரியிலதான்.”

“குழந்தை பொறந்து எத்தனை மாசத்துல திரும்பி வந்தீங்க?”

“மூணு மாசம்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, தாயின் நெருக்கம் கிடைக்காத குழந்தைகள் இப்படித் தங்களுக்குள்ளேயே போய்விடுவது உண்டு என்று ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான், சொன்னார். வீட்டில் என் நாத்தனார் அதையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஆயா தூக்கி வளத்த புள்ள. பேச்சு எங்கேருந்து வரும்? இவ அங்க ஊரான் வூட்டு மூத்திரத்த மோந்து பாத்துக்கிட்டு இருந்தா!”

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அது இன்னும் கஷ்டம். இப்போது ஒரு வருஷமாக நான் வேலையை விட்டு வீட்டில்தான் இருக்கிறேன். காலை எழுந்ததில் இருந்து தூங்கும்வரை அமலியோடு இருக்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த டாக்டருக்கு இதை எழுதிப் போடலாமா என்று சில நாள் தோன்றும். பிறகு எதற்கு என்று விட்டுவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் வரதன் சென்னை மருத்துவ நூலகத்துக்குப் போய்வந்தார். அவரிடம்தான் ஆட்டிசம் என்ற சொல்லை முதலில் கேட்டேன். அமலி மாதிரிக் குழந்தைகளுக்கு வெளிநாட்டில் வைத்திருக்கும் பெயர். அப்படிப்பட்ட சில குழந்தைகளின் இரத்தத்தில் செரடோனின் என்ற பொருள் அதிகமாக இருப்பதாக அங்கே கண்டிருக்கிறார்களாம். மூளையிலும் குடலிலும் இருப்பது அது. மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல அது வேண்டும் என்று அப்போது பேசத் தொடங்கியிருந்தார்கள். இரத்தத்தில் அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் உடம்பு அதை உடைத்துச் சிறுநீரில் தள்ளும் மிச்சத்தைக் காட்டும் ஒரு எளிய சோதனையை அவர் தன் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“பேச்சு வராம, முகம் பாக்காம வர்ற குழந்தைகளை இனிமே நம்மகிட்ட அனுப்பச் சொல்லியிருக்கேன் லூர்தம்மா. அமலியையும் சேத்துக்கலாம்” என்றார்.

சோதனை இதுதான். சுத்தமான குழாயில் கொஞ்சம் சிறுநீர், தண்ணீர். அதில் நைட்ரோசோநாப்தால் கரைசல். பிறகு அன்றன்று புதிதாகக் கலந்த நைட்ரைட் அமிலம். பத்து நிமிஷம் நிற்க விட வேண்டும். அப்புறம் எத்திலீன் டைகுளோரைடு விட்டுக் குலுக்கி வைத்தால், தேவையில்லாத மஞ்சள் எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் நீரைத்தான் பார்க்க வேண்டும். நிறமில்லாமல் இருந்தால் ஒன்றுமில்லை. ஊதாவாக இருந்தால் அந்தப் பொருள் அதிகம்.

கஷ்டமெல்லாம் சிறுநீரைச் சேர்ப்பதில்தான். ஒரு நாள் முழுவதும், ஒரு சொட்டு விடாமல், அடியில் அமிலம் விட்ட பழுப்புப் பாட்டிலில் சேர்க்க வேண்டும். சொன்னது புரியாத, ஒரு இடத்தில் உட்காராத குழந்தைகளிடம் எப்படிச் சேர்ப்பது? தாய்மார்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வராண்டா முழுவதும் பின்னாலேயே ஓடுவார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் அதைத் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். டாக்டரே என்னைப் பாராட்டினார்.

பாட்டிலோடு ஒரு சீட்டும் உண்டு. அதில் பெயர், வயது, சாப்பிடும் மருந்து, முந்தின நாள் சாப்பிட்டது. கேட்டு எழுதுவது என் வேலை. சோறு, ரசம், தயிர், கஞ்சி, இட்லி என்று எழுதினேன். அமலியின் சீட்டில் ‘தயிர் சாதம், கொஞ்சம்’ என்று எழுதினேன்.

மொத்தம் எட்டுக் குழந்தைகள். அதில் மூன்று பேருக்கு ஊதா. லால்குடியில் இருந்து வந்த ஒரு பெண் குழந்தை, தொட்டியத்தில் இருந்து வந்த தங்கராசு, என் அமலி. என்னுடைய குழாய் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக நின்றது.

அமலியின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நல்ல கத்தரிப்பூ நிறம். வாழ்க்கையில் எந்த நிறத்தையும் அத்தனை நேரம் நான் பார்த்ததில்லை. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் இருந்தால் மாத்திரை இருக்கும். நான் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம், “அவ ஒடம்புல ஒரு ரசாயனம் கூடிப்போச்சு. அதான். எழுதியே காட்டுறேன்” என்றேன். “சரி, சரி. அதுக்கு ஏன் கத்துற?” என்றாள். கத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையும் இருந்தது. சர்ப்பகந்தி வேரில் இருந்து எடுப்பது. இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பில் உள்ள செரடோனினை அது குறைத்துவிடும். டாக்டர் யோசித்து யோசித்து, மிகச் சிறிய அளவில் ஆரம்பிக்கலாம் என்றார். லால்குடிக் குழந்தையை அதன் வீட்டார் திரும்பக் கூட்டிவரவில்லை.

“அமலிக்கும் தங்கராசுக்கும் சேத்தே ஆரம்பிச்சுடலாமா?”

“அவளுக்குச் சளி புடிச்சிருக்கு சார். மொதல்ல அந்தப் பையனுக்குக் குடுத்துப் பாப்போம்” என்றேன்.

அவளுக்குச் சளி இருந்தது உண்மைதான்.

தங்கராசுவுக்கு ஏழு வயது. அவன் அப்பா தொட்டியத்தில் ஆற்றோரம் வாழைத்தோட்டம் வைத்திருந்தார். அம்மா செல்லம்மா அவனை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டார். அவர் இளைத்த உடம்பு, இவன் கனத்த பையன். தோட்டத்து ஆயில் என்ஜின் ஓடும் சத்தத்தை அவன் வாயாலேயே கொண்டுவருவான். டுப்பு டுப்பு என்று ஆரம்பித்து, வேகமெடுத்து, கடைசியில் என்ஜினை நிறுத்தும்போது வரும் அந்தப் பெருமூச்சுவரை. நாள் முழுவதும் அதுதான். வார்டில் மூன்று நாள் இருந்தபோது மற்ற நோயாளிகள், “யாராச்சும் அந்த மோட்டார நிறுத்துங்கப்பா!” என்று கத்துவார்கள். செல்லம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அவனுக்கு மாத்திரை ஆரம்பித்தது. அந்த வாரம்தான் விபூதிப் புதன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒருசந்தி. நாளுக்கு ஒரே ஒரு சாப்பாடு, அதுவும் சாயங்காலம். இடையில் பசித்தால் பழம் சாப்பிடலாம். பழம் சாப்பாட்டில் சேராது. அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையிலும், லேபுக்கு வந்த பிறகுமாக நான் ஆறு பூவன் பழம் சாப்பிட்டேன். மதியம் சோதனை வரிசையில் வழக்கம்போல என் குழாயையும் வைத்தேன்.

ஊதா.

மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். புதிதாகக் கலந்தேன். குழாயை அமிலத்தில் கழுவினேன். மறுபடியும் ஊதா. மற்ற குழாய்கள் தெளிவாக இருந்தன. டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். ஐந்தடி தூரம். நான் குழாயைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பதிவேட்டில், என் பெயருக்கு நேரே, ‘நிறமில்லை’ என்று எழுதினேன்.

அந்த ஊதா நான் தின்ற வாழைப்பழத்தில் இருந்து வந்தது என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ள முடியும் என்பதையும் அன்றுதான் கற்றேன். அமலி ஒரு நாளைக்கு ஏழெட்டு ரஸ்தாளி தின்பாள். மற்றதைத் துப்பிவிடுவாள். இப்படிப்பட்ட குழந்தைகள் ஒரே பண்டத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது. தங்கராசு வாழைத்தோட்டத்திலேயே வளர்ந்தவன். போதாததற்கு, பாட்டிலில் சிறுநீர் சேர்க்க நானே அவன் கையில் பழம் கொடுத்தேன். மற்றக் குழந்தைகள் தின்ற ஒன்றிரண்டு பழத்துக்கு நிறம் வந்திருக்காது. எட்டுச் சீட்டிலும் நான்தான் உணவை எழுதினேன். ஒரு சீட்டிலும் பழம் இல்லை. என் பெண்ணின் சீட்டிலேயே இல்லை. எந்தத் தாயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யார் பழத்தைச் சொல்வார்கள்?

அடுத்த திங்கட்கிழமை தங்கராசுவைக் கொண்டுவந்தார்கள். நன்றாகத் தூங்குகிறான், ஓடுவதில்லை என்று அவன் அப்பாவுக்குச் சந்தோஷம். “வீடு இப்பத்தாங்க வீடாட்டம் இருக்கு” என்றார். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் என் குழாய் ஊதா. அன்றும் ‘நிறமில்லை’. அதற்கடுத்த திங்கட்கிழமை செல்லம்மா மட்டும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் தலை அவர் தோளில் கிடந்தது. மூக்கு அடைத்து வாயால் மூச்சுவிட்டான். சிறுநீரைச் சோதித்தேன். ஊதா போய்விட்டிருந்தது.

டாக்டர் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். “பார்த்தீங்களா லூர்தம்மா! பதினஞ்சே நாள்!” சென்னையில் நடக்கவிருந்த ஒரு டாக்டர்கள் கூட்டத்துக்குக் கட்டுரை எழுத அன்றே உட்கார்ந்தார்.

நான் வராண்டாவுக்குப் போனேன். “சாப்புடுறானா?” என்று கேட்டேன்.

“எங்கங்க! பழத்தக்கூடத் தொட மாட்டேங்கறான்.” செல்லம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். “மோட்டாரு சத்தமும் இல்ல. அழறதுகூட இல்லைங்க சிஸ்டர். மாமியா நல்லதுங்குது. எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, நல்லதுதானே?”

“டாக்டரு பாத்துக்குவாருங்க” என்றேன்.

ஊதா போனது மாத்திரையால் இல்லை, அவன் பழம் தின்பதை நிறுத்தியதால் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் மூன்றாவது வெள்ளிக்கிழமை ‘நிறமில்லை’ என்று எழுதினேன். அதை மற்றவர்களுக்கு விளக்க என்னால் முடியாது. ஊதாவை விட்டால் எனக்கு மிஞ்சுவது அந்தச் சென்னை டாக்டர் எழுதிக்கொண்டதுதான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. டாக்டர் வீடு சித்திரை வீதியில். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

“ஆஸ்பத்திரிலேர்ந்தா? வாங்கோ, உள்ள வாங்கோ. அவர் இப்பத்தான் கோவில்லேர்ந்து வந்தார். இன்னிக்கு ஏகாதசி, ஆத்துல அடுப்பு மூட்டலை, தளிகை கிடையாது. தீர்த்தமாவது சாப்பிடுங்கோ.”

டாக்டர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு டம்ளர் பால். கையில் உரித்த வாழைப்பழம். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஒருசந்தி, மூன்று வெள்ளிக்கிழமை, சீட்டுகள், பையன் கையில் நான் கொடுத்த பழம். நான் முடித்ததும் கையில் இருந்த பழத்தைப் பார்த்தார்.

“இது அஞ்சாவது” என்றார். “இப்ப யாராவது வந்து என்ன சாப்பிட்டேள்னு கேட்டா, இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடலைன்னுதான் சொல்லுவேன்.”

பழத்தைத் தட்டில் வைத்தார். “நான் சோதனையை எழுதிண்டு வந்த பக்கத்துல கீழே ஒரு அடிக்குறிப்பு இருந்தது. சில பழங்களைத் தவிர்க்கணும்னு. முதல் பேரெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்காத பழம். நமக்கெதுக்குன்னு காப்பி பண்ணாம வந்துட்டேன்” என்றார்.

“மன்னிச்சிடுங்க சார்.”

“ஏன் மறைச்சேள்?”

“அமலி சார். அந்தச் சென்னை டாக்டர் சொன்னது பொய்யாகணும்னு...”

“அவர் சொன்னதுக்கு ஆதாரமா அவர்கிட்ட ஒரு குழாய்கூடக் கிடையாது. அதைப் போய் நம்பினேளே.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “நாளைக்கு அந்தம்மா வருவா. மாத்திரையை நிறுத்தறதைப் பத்தி நான் சொல்றேன். தப்பு என்னோடது, அதையும் சொல்றேன். அந்தப் பதினேழு நாளைப் பத்தி நீங்கதான் சொல்லணும்.”

திங்கட்கிழமை காலை, பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டிலைத் தன் பையில் இருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். சோதித்தேன்.

“நிறம் என்ன?”

“ஊதா சார்.”

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி போலிருக்கு. எழுதுங்க.” பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினார். “இதையும் திருத்துங்க. சுரண்டி அழிக்காதீங்க, அடிச்சு எழுதுங்க. அடியில என்ன இருந்ததுன்னு தெரியணும். முழுப் பேர் போடுங்க.” சென்னைக் கூட்டத்துக்குக் கட்டுரை வராது என்று தந்தி கொடுக்க ஆளை அனுப்பிவிட்டு, செல்லம்மாவைக் கூப்பிட்டார்.

பையனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மாத்திரை நின்றதும் அவன் தேறிவிட்டான். இரண்டு மாதம் கழித்துத் தொட்டியத்தில் இருந்து வந்த ஒரு நோயாளி, அந்த வீட்டில் மறுபடி மோட்டார் ஓடுகிறது என்று சொன்னார். ஆனால் அவன் பேசவில்லை. அமலியும் பேசவில்லை. ஏன் இப்படி என்பது அன்றும் தெரியாது, இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பொருளுக்கும் இந்தக் குழந்தைகளுக்கும் சம்பந்தம் இருக்கவே இருக்காது என்றும் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் குழாய்கள் அதைச் சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை செல்லம்மா டாக்டர் அறையில் இருந்து வெளியே வந்தார். நான் வராண்டா பெஞ்சில் காத்திருந்தேன். பையனை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“மாத்திர வேணாம்ட்டாரு. அப்ப இவனுக்கு என்னதான்ங்க?”

“தெரியலைங்க.”

“டாக்டரும் அதத்தான் சொல்றாரு.” பையனின் தலையை மடியில் நகர்த்தி வைத்தார். “ஒங்க பொண்ணும் இப்படித்தானே? நீங்க வேலைக்கு வர்றதாலன்னு சொல்றாங்களாமே. வார்டுல ஆயாம்மா சொல்லிச்சு. கேட்டதும் எனக்குச் சிரிப்பா வந்துச்சு சிஸ்டர். நான் இவன எறக்கி விட்டதே இல்ல. ஏழு வருசமா அம்மா வூட்டுக்குக்கூடத் தனியாப் போனதில்ல. எனக்கு ஏன் இப்படிப் பொறந்தான்? அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

எட்டு வருஷத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்கூடச் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே எழுந்துபோய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

சொன்னேன். மாத்திரை தேவையில்லை என்று எனக்குப் பதினேழு நாளாகத் தெரியும் என்று சொன்னேன். போன திங்கட்கிழமை அவர் என்னிடம் நல்லதுதானே என்று கேட்டபோதும் தெரியும் என்று சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. கணக்குப் போடுவது போலப் பார்த்தார்.

“ஒங்க பொண்ணுக்கு அந்த மாத்திர குடுத்தீங்களா?”

“இல்லைங்க.”

அவர் தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் பையனின் மூக்கைத் துடைத்தார். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“தெரிஞ்சிருந்தா நானும் குடுத்திருக்க மாட்டேங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.